காலும் தூணும் கம்பமும்

மதுரை விளக்குத்தூணுக்கு அருகில், ஜவுளிக் கடைகளின் பெயர்ப்பலகைகளும் மூட்டை சுமப்போரின் கூச்சலும் நெருக்கியடிக்கும் ஒரு சந்துக்குள், திருமலை நாயக்கர் அரண்மனையின் எச்சம் என்று சொல்லப்படும் பருத்த தூண்கள் பத்து, தாங்குவதற்குக் கூரை ஏதும் இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. அந்த இடத்துக்கே பத்துத்தூண் என்று பெயர். அங்கிருந்து மெல்ல நடந்தாலும் சிறிது நேரத்தில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் இருக்கும் ஆயிரங்கால் மண்டபத்தை அடைந்துவிடலாம். 1569-ஆம் ஆண்டில் அரியநாத முதலியார் கட்டுவித்ததாகக் கூறப்படும் அந்த மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள் என்பதும், பதினைந்து குறைந்தபோதிலும் ஆயிரம் என்ற பெயருக்கு யாதொரு குறையும் வரவில்லை என்பதும் ஊரறிந்த செய்திகள். ஆனால் நான் பல வருஷங்களாக அந்த இரண்டு இடங்களுக்கும் போய்வந்துகொண்டிருந்தும், ஒரே ஊரில், ஒரே விதமான பொருளை, ஓரிடத்தில் தூண் என்றும் மற்றோரிடத்தில் கால் என்றும் ஏன் எண்ணுகிறார்கள் என்ற வினா என் மனத்தில் எழவே இல்லை. பத்துக்கால் என்று அங்கேயும், ஆயிரந்தூண் மண்டபம் என்று இங்கேயும் எந்த மதுரைக்காரரும் வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டார். சொன்னால் பொருள் விளங்காது என்பதில்லை. விளங்கும், ஆனால் சொன்னவர் வேற்றூர்க்காரர் என்பதும் கூடவே விளங்கிவிடும்.

நிகண்டு நூல்களின் சம்பிரதாயம் வேறு. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஒரு சூத்திரத்துக்குள் அடுக்கி, இவை யாவும் ஒன்றே என்று மாணாக்கனுக்கு மனனம் செய்யக் கொடுத்தன. செய்யுள் இயற்றுவோனுக்கு எதுகைக்கும் மோனைக்கும் உதவும் சொல் வேண்டுமாகையால், அந்தக் காரியத்துக்கு அந்த முறையே போதுமானதாக இருந்தது. 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினாலும், தூண் என்பதற்குக் கால், கம்பம், தம்பம், கந்து, தறி, மதலை என்று ஒன்றைக்கொண்டு ஒன்றை விளக்கும் வட்டத்துக்குள் நாம் சுற்றி வரவேண்டியிருக்கிறது. அகராதியின் மேல் குறை சொல்வது என் நோக்கமன்று. சொல்லின் அர்த்தத்தை அது சொல்லிவிடுகிறது, சொல்லின் நடத்தையை எந்த அகராதிதான் முழுதும் சொல்ல முடியும்? அந்த நடத்தையைப் பார்க்க வேண்டுமானால் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு அதனோடு சேர்ந்து வரும் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கால் நடுகிறோம், கால் ஊன்றுகிறோம், தூணை நிறுத்துகிறோம், எழுப்புகிறோம், அதில் சாய்கிறோம், கம்பமும் நடப்படுவதுதான், ஆனால் அதில் கொடி ஏற்றுகிறோம், விளக்கு மாட்டுகிறோம், தறியில் கட்டுகிறோம், முட்டு என்பதையோ நடுவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை, கொடுக்கிறோம். ஒரே பொருளுக்குரிய பெயர்கள் என்று நிகண்டு சொன்னவை வினையின் முன் வந்து நின்றவுடன் தனித்தனி ஜாதியாகப் பிரிந்துவிடுகின்றன.

முதலில் காலை எடுத்துக்கொள்வோம். மண்டபங்களின் பெயர்களைக் கவனித்தால், நாலுகால் மண்டபம், பதினாறுகால் மண்டபம், நூற்றுக்கால் மண்டபம், ஆயிரங்கால் மண்டபம் என்று தமிழ்நாடு முழுவதும் காலாகவே எண்ணப்பட்டிருப்பது தெரியும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் உள்ளவை 96. திருப்பரங்குன்றத்தில் சந்நிதித் தெருவில் நிற்பது பதினாறுகால் மண்டபம். சிதம்பரத்தின் ராஜசபையும் ஆயிரங்கால்தான். இந்தப் பெயர்களின் இலக்கணமும் எட்டுக்கால் பூச்சி என்ற பெயரின் இலக்கணமும் ஒன்றே என்பதைச் சிரிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். கால் என்றால் ஏதோ ஒன்றினுடைய கால். மண்டபம் என்ற உடம்பு இருக்கும்வரையில்தான் அது கால். பூச்சிக்கு எட்டு, கட்டிலுக்கு நான்கு, நாற்காலிக்கு அதன் பெயரிலேயே நான்கு, மண்டபத்துக்கு ஆயிரம். பத்துத்தூணில் உடம்பு போய்விட்டது. அரண்மனையின் பெரும்பகுதியைத் திருமலை நாயக்கரின் பேரரான சொக்கநாதர் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோகும் பொருட்டு இடித்தார் என்று சரித்திரம் கூறுகிறது. எஞ்சிய பகுதியை 1866-க்குப் பிறகு சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார். எப்படியோ அந்தப் பத்தும் தாங்கிக்கொண்டிருந்த கட்டடத்தைப் பிரிந்து தனியே நின்றுவிட்டன. உடம்பில்லாத காலைக் கால் என்று சொல்ல ஜனங்களுக்கு வாய் வரவில்லை, தூண் என்றார்கள்.

காலைக் கொண்டு மண்டபத்தை ஏன் அளந்தார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அது மொழியில் இல்லை, கல்லில் இருக்கிறது. கருங்கல்லின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றினாலும் அழுத்தத்தை அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் இரு முனையையும் தாங்கவிட்டு நடுவில் பாரம் வைத்தால், வளைய முடியாத கல் அடிப்பக்கம் விரிசல் கண்டு முறிந்துபோகும். ஆகையால் கல் உத்திரத்தை நீளமாகப் போட முடியாது; சில முழங்களுக்கு ஒரு கால் வைத்தாக வேண்டும். காலின் தலையில் இரு புறமும் கைநீட்டினாற்போல் அமைந்திருக்கிறதே போதிகை, அதன் வேலையும் அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறுக்கி உத்திரத்துக்கு உதவி செய்வதுதான். இந்த நிலையில் மண்டபம் பெரிதாகப் பெரிதாகக் கால்களின் எண்ணிக்கை பெருகுவதைத் தவிர வேறு வழி இல்லை. எத்தனை கட்டு வீடு என்று கேட்டால் வீட்டின் ஆழம் தெரிவதுபோல, எத்தனை கால் மண்டபம் என்று கேட்டால் மண்டபத்தின் விஸ்தீரணம் தெரிந்துவிடும். நூறும் ஆயிரமும் கணக்குப்பிள்ளையின் எண்கள் அல்ல, பரப்பைக் குறிக்கும் மதிப்பு. அதனால்தான் 96 நூறாகவும் 985 ஆயிரமாகவும் ஆனது யாருக்கும் உறுத்தவில்லை.

தமிழ்க் காலுக்கு வடமொழியில் ஓர் இரட்டைப் பிறவி இருப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மயமதம், மானசாரம் போன்ற சிற்ப சாஸ்திரங்கள் தூணுக்குக் கூறும் பரியாய நாமங்களில் ஸ்தம்பம், ஸ்தூணம் என்பவற்றோடு பாதம், ஜங்கை, சரணம், அங்கிரி என்பவையும் இருக்கின்றன. இவை நான்கும் மனிதனுடைய காலையோ காலின் ஒரு பகுதியையோ குறிப்பவை. கோயிலின் அதிஷ்டானத்துக்கு மேலே, பிரஸ்தரத்துக்குக் கீழே, அரைத்தூண்களோடு கூடிய சுவர்ப்பகுதிக்கு ஸ்தபதிகள் இன்றும் வழங்கும் பெயர் பாதவர்க்கம். இன்னொரு விசேஷம்: கால் என்றால் தமிழில் நாலில் ஒரு பங்கு, பாதம் என்றால் வடமொழியிலும் நாலில் ஒரு பங்கு. நாற்கால் விலங்கின் ஒரு கால் அதன் நாலில் ஒன்று என்ற எளிய கணக்கிலிருந்து இரு மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று வழக்காடுவதில் எனக்கு ருசியில்லை. தூண் என்ற சொல்லையும் ரிக் வேதத்திலேயே காணப்படும் ஸ்தூணா என்ற சொல்லையும் பற்றிக்கூட அறிஞர்களிடையே அந்த வழக்கு உண்டு. இரு தரப்பாரும் தீர்ப்பு தங்கள் பக்கமே என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கால் என்ற சொல்லுக்குச் சடங்கில் இருக்கும் மதிப்பு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. கல்யாண வீட்டில் பந்தலுக்கு எத்தனையோ மூங்கில்கள் நடப்படும். அவற்றில் நல்ல நேரம் பார்த்து, ஈசானிய மூலையில் குழி தோண்டி, நவதானியமும் பாலும் இட்டு, மஞ்சள் பூசி மாவிலை கட்டி, சுமங்கலிகள் சூழ்ந்து நின்று ஊன்றும் முதல் மூங்கில் மாத்திரமே பந்தக்கால் அல்லது முகூர்த்தக்கால். மணவறையில் நடுவது அரசாணிக்கால். யாழ்ப்பாணத்தில் முள்முருக்கந் தடியை நட்டு அதைக் கன்னிக்கால் என்கிறார்கள். வீட்டையும் பந்தலையும் தாங்கும் மற்ற மரங்களுக்கு அங்கே கப்பு என்ற தனிச்சொல் இருந்தும், சடங்குக்கு வந்தவுடன் அவர்களும் காலுக்கே திரும்பிவிடுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பந்தல்தூண் என்றோ முகூர்த்தத்தூண் என்றோ கேட்ட காது தமிழ் பேசும் நாடுகளில் எங்கும் இராது. நடப்படுவது கால், அது பச்சை மரமாக இருக்க வேண்டும், வேர் பிடித்துத் தழைத்தால் மிக நல்லது என்ற எண்ணமும் உண்டு. தூணை யாரும் தழைக்கச் சொல்லமாட்டார்கள்.

இதன் தொடர்ச்சியாகவே, ஒன்றைத் தொடங்குவதற்கும் காலே பெயராயிற்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குச் சிலை செய்ய இமயத்திலிருந்து கல் எடுக்கும் பகுதிக்குக் கால்கோள் காதை என்று பெயர். இன்று அரசாங்கக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது அழைப்பிதழில் கால்கோள் விழா என்று அச்சிடுகிறோம். கொத்தனார்கள் அஸ்திவாரத்தைக் கடைக்கால் என்கிறார்கள். பேச்சில் அது கடகால் ஆகிறது. வாசற்கதவைப் பற்றி நிற்கும் இரு மரங்கள் நிலைக்கால். கிணற்றில் துலாவைச் சுமந்து நிற்கும் மரத்துக்கு ஆடுகால் என்று பெயர். ஆடுவது துலா, நிற்பது கால், ஆனால் பெயரில் ஆட்டத்தைக் காலின் தலையில் கட்டிவிட்டார்கள்.

தூண் என்ற சொல் எப்போது வருகிறது? பார்க்கும்போது வருகிறது, தொடும்போது வருகிறது. ஆயிரங்கால் மண்டபத்துக்குள் நுழைந்து ஒரு காலின் எதிரே நின்று அதில் செதுக்கப்பட்ட உருவத்தை அண்ணாந்து பார்த்தவுடன் அது தூணாகிவிடுகிறது. யாளித்தூண், குதிரைத்தூண், சிற்பத்தூண் என்கிறோம். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் சுசீந்திரத்திலும் தட்டினால் ஸ்வரம் எழும்பும் தூண்களை இசைத்தூண் என்கிறோமேயன்றி இசைக்கால் என்பதில்லை. கூட்டமாக நின்று கூரையைச் சுமக்கும்போது கால், தனித்து நின்று நம் கண்ணையும் கையையும் அழைக்கும்போது தூண் என்று இதைச் சொல்லலாமென்று தோன்றுகிறது. இது சட்டமன்று, வழக்கின் சாய்வு. இரணியன் சபையில் நரசிங்கம் பிளந்துகொண்டு வந்தது அந்த மாளிகையின் காலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அதைச் சுட்டிக்காட்டி இதில் இருக்கிறானா என்று கேட்ட கணத்தில் அது தூணாகிவிட்டது. தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்று அன்றாடம் சொல்லும் பாட்டிமார் இந்தப் பேதத்தை அறிந்து சொல்வதில்லை, ஆனால் தவறிச் சொல்வதும் இல்லை.

தூணின் உறுப்புகளுக்குள் போனாலோ அங்கே வேறோர் உலகம். அடியில் இருப்பது ஓமம், மேலேறினால் மாலைத்தொங்கல், கலசம், தாடி, கும்பம், பலகை, வீரகண்டம், அதற்கும் மேலே போதிகை என்று ஸ்தபதி விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போவார். நாற்கோணமாக இருந்தால் பிரம்மகாந்தம், எண்கோணமாக இருந்தால் விஷ்ணுகாந்தம், வட்டமாகவோ பதினாறு பட்டையாகவோ இருந்தால் ருத்திரகாந்தம் என்று சாஸ்திரப் பெயர்களும் உண்டு. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தமான சொல் கட்டு. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் ஆலயம் அமைத்ததாக மகேந்திரவர்ம பல்லவர் கல்வெட்டில் பெருமை பேசுகிறார். அந்தக் குடைவரையின் தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எட்டுப் பட்டையாகவும் இருக்கின்றன. அந்த நடுப்பகுதிக்குத்தான் கட்டு என்று பெயர். சதுர மரத்தின் முனைகளை அப்படியே வைத்து நடுவில் மாத்திரம் மூலைகளைச் சீவுவது தச்சன் வேலை. மரம் வேண்டாம் என்று பறைசாற்றிய மன்னரின் கல்லிலும் மரத்தச்சனின் உளிதான் ஞாபகமாக நிற்கிறது.

இனி, கம்பம். ஸ்கம்பம் என்ற வடசொல் பிராகிருத வழியாகத் தேய்ந்து கம்பமாயிற்று என்பார்கள், ஸ்தம்பம் தம்பமாயிற்று. வந்த வழி எதுவாயினும், தமிழில் அது தனக்கென்று ஒரு வேலையைத் தேடிக்கொண்டுவிட்டது: கம்பம் கூரையைத் தாங்குவதில்லை. கொடிக்கம்பம், விளக்குக்கம்பம், தந்திக்கம்பம், மின்கம்பம் என்று எதை நினைத்தாலும் அது வெட்டவெளியில் ஒண்டியாக நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு கொடியோ விளக்கோ கம்பியோ இருக்கும், வீடு இராது. மீனாட்சியம்மன் கோயிலில் கொடிமரத்தைச் சுற்றியுள்ள மண்டபத்துக்குக் கம்பத்தடி மண்டபம் என்று பெயர். அங்கே மண்டபத்தைத் தாங்குபவை தூண்கள், மண்டபம் யாரை உத்தேசித்து எழுந்ததோ அவர்தாம் கம்பம். திருவண்ணாமலையில் அருணகிரிநாதருக்காக முருகன் தோன்றியதாகக் கூறப்படும் சந்நிதி கம்பத்து இளையனார் சந்நிதி. கொங்கு நாட்டு மாரியம்மன் கோயில்களில் மூன்று கவையுள்ள மரக்கிளையை நட்டு, விழா நாட்களெல்லாம் பெண்கள் அதற்கு மஞ்சள் நீர் வார்ப்பார்கள். கரூரில் விழா முடிவில் அந்தக் கம்பத்தை ஊர்வலமாகக் கொண்டுபோய் அமராவதி ஆற்றில் விடுவதைப் பார்க்கத் திரளும் கூட்டத்தில் நின்றவர்களுக்கு, அது வெறும் மரம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

இந்தக் கணக்கின்படி பார்த்தால் மதுரைக்காரர்கள் ஓரிடத்தில் வழுவியிருக்கிறார்கள். கோட்டை மதிலை அப்புறப்படுத்தி அகழியைத் தூர்த்து நகரத்தை விரியச் செய்த கலெக்டர் பிளாக்பர்னின் ஞாபகார்த்தமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட விளக்கை, எல்லா ஊரையும் போல விளக்குக்கம்பம் என்னாமல் விளக்குத்தூண் என்று அழைத்தார்கள். தெருவிளக்குகளுக்குள் அது மட்டும் பார்ப்பதற்காகவே நிறுத்தப்பட்டது என்பதனால் வந்த மரியாதையோ என்னவோ. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஞாபகார்த்தமாக நிறுத்தப்படுபவற்றுக்கு ஸ்தூபி என்ற பெயரும் இப்போது பரவியிருக்கிறது. ஸ்தூபி என்பது கோயில் விமானத்தின் உச்சியில் இருப்பது; ஸ்தூபம் என்பது பௌத்தர்களின் கவிழ்ந்த கிண்ணம் போன்ற மேடு; இரண்டும் தூண் அல்ல. ஆனால் நினைவு ஸ்தூபி என்று கல்லில் வெட்டி மாலையும் போட்டபிறகு அகராதியை எடுத்துக்கொண்டு அங்கே போவது நாகரிகமாகாது.

ஸ்தம்பம் என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் வேடிக்கையானது. துவஜஸ்தம்பம், ஜெயஸ்தம்பம் என்று பெரிய இடங்களிலேயே வாழ்ந்துகொண்டிருந்த அந்தச் சொல், பெயராக மெல்ல ஓய்வு பெற்று, வினையாகத் தெருவுக்கு வந்துவிட்டது. பஸ் வேலைநிறுத்தமோ பெருமழையோ வந்தால் போக்குவரத்து ஸ்தம்பித்தது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. திடீரென்று ஒரு செய்தியைக் கேட்டவன் ஸ்தம்பித்து நின்றான் என்று கதாசிரியர்கள் எழுதுகிறார்கள். தூணாகிவிட்டான் என்பதுதான் அதன் அர்த்தம். அதன் உறவுச் சொல்லான ஸ்தாணுவுக்கு இன்னும் நல்ல கதி: அசையாது நிற்கும் கட்டை என்று பொருள்படும் அந்தப் பெயர் சிவபெருமானுக்காகி, சுசீந்திரத்தில் தாணுமாலயன் என்று மும்மூர்த்திப் பெயரின் முதற்பகுதியாயிற்று. நாகர்கோவில் பக்கத்தில் தாணு என்று பெயர் வைத்துக்கொண்டு ஓடியாடித் திரியும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடவுளைக் கட்டையாகக் காண்பது வடமொழிக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. சங்க நூல்களில் கந்து என்ற சொல் இரண்டு இடங்களில் நிற்கிறது: ஒன்று யானையைக் கட்டும் இடம், மற்றொன்று ஊர்ப்பொதுவில் தெய்வம் உறையும் இடம். மணிமேகலையில் தூணில் அமைந்த பாவை வாய் திறந்து வருவதுரைக்கிறது. அதன் பெயர் கந்திற்பாவை. கந்து வழக்கொழிந்துபோயிற்று, அதன் வேலையைத் தறி எடுத்துக்கொண்டது. திருவாரூர்ப் பக்கத்தில் கன்றாப்பூரில் எழுந்தருளியிருக்கும் சிவனுக்கு நடுதறியப்பர் என்று பெயர்; அப்பர் பாடிய தலம். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்ற பழமொழியைச் சொல்லும்போது நெசவுத்தறியை நினைப்பவர்கள் உண்டு. ஆனால் மாடு கட்டும் முளையும் கவி பாடும் என்று கொண்டால்தான் அந்தப் பெருமைக்கு முழு உயரம் வருகிறது. மதலை என்ற சொல்லும் ஒரு காலத்தில் தாங்கும் மரமாக இருந்தது. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் பற்றிப் பேசுமிடத்தில் அதைத் துணை என்ற பொருளில் ஆள்கிறார். பிறகு அது குடும்பத்தைத் தாங்கப் போகும் பிள்ளைக்குப் பெயராகி, அந்தப் பிள்ளை தொட்டிலிலேயே இருக்கும்போது மழலைக்கு அடுத்த வீட்டுச் சொல்லாகிவிட்டது. இன்று மதலை என்றால் தவழும் குழந்தைதான் நினைவுக்கு வருகிறது. குழந்தையைத்தான் நாம் தாங்க வேண்டியிருக்கிறது.

முட்டு என்பதை இவற்றோடு சேர்க்கக் கூடாதென்று பண்டிதர்கள் சொல்லக்கூடும். ஆனால் வீட்டு வியவகாரத்தில் மிகுதியாக வழங்கும் சொல் அதுவே. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம். சரிந்த சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம். காரைத்தளம் வார்க்கும்போது பலகைகளுக்கு அடியில் சவுக்குக் கம்புகளை வரிசையாக முட்டுக் கொடுத்து, தளம் இறுகியபின் தட்டி எடுக்கிறோம். முட்டு தற்காலிகமானது, சாய்வாக நிற்க உரிமை உள்ளது, வேலை முடிந்ததும் நன்றியின்றி அகற்றப்படுவது. அந்தச் சொல்லே தேர்ச்சக்கரத்துக்கு முன்னே போய்விட்டால் நேர்மாறான தொழிலைச் செய்கிறது: முட்டுக்கட்டை போட்டால் தேர் நிற்கும். ஆகவே ஒருவருடைய காரியத்துக்கு முட்டுக்கட்டை போட்டான் என்றால் கெடுத்தான் என்றும், முட்டுக் கொடுத்தான் என்றால் காப்பாற்றினான் என்றும் பொருளாயிற்று. இப்போது அரசியல் பேச்சில் முட்டுக் கொடுப்பது என்றால், தவறு செய்த தலைவரை நியாயப்படுத்திப் பேசுவது என்ற அர்த்தம் ஏறியிருக்கிறது. சரியும் சுவருக்குத்தான் முட்டு வேண்டும் என்ற பழைய அறிவு அந்த ஏளனத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. அதே மேடைகளில் கட்சியின் தூண், குடும்பத்தின் தூண் என்று புகழ்கிறார்கள். யாரையும் கட்சியின் கால் என்று புகழக் கேட்டதில்லை. பத்திரிகையை ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்கிறோமே, அதற்கு மூலமான ஆங்கிலத் தொடரில் தூணே கிடையாது. சமூகத்தின் வர்க்கங்களுள் நான்காவது என்பதுதான் அங்கே. இந்த நாட்டு வழக்கில் எப்படியோ அது கட்டடமாகிவிட்டது.

இப்போது வீடு கட்டுகிறவர்கள் இந்தச் சொற்கள் எதையும் சொல்வதில்லை. பில்லர் குழி, பில்லர் கம்பி, பில்லர் போட்ட வீடா சுவர் மேல் ஏற்றின வீடா என்றுதான் பேச்சு. சென்னையில் இடம் சொல்லும்போதும் மெட்ரோ பில்லருக்கு எதிரே என்கிறார்கள். இதில் வருத்தப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுவருக்குள் மறைந்துபோய்ப் பூச்சுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் அந்தக் கம்பிக்கூட்டில் யாரும் சாய்வதில்லை, யாரும் அதைக் கட்டிக்கொண்டு சுற்றுவதும் இல்லை. அதற்குத் தூண் என்ற பெயர் பொருந்தாது என்று கொத்தனார் உணர்ந்தே வேறு பெயர் வைத்துக்கொண்டாரோ என்னவோ.

எங்கள் கிராமம் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. என் ஆச்சியின் வீட்டுத் திண்ணையில் நான்கு தேக்குமரத் தூண்கள், எண்ணெய் தேய்த்த தலைகள் பல தலைமுறையாகச் சாய்ந்து சாய்ந்து இடுப்புயரத்துக்குக் கறுத்து வழவழப்பேறி நின்றன. ஐந்து பிள்ளைகள் சேர்ந்தால் நான்கு பேர் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்ள, ஐந்தாவது ஆள் நடுவில் நின்று, இடம் மாறும்போது பாய்ந்து பிடிப்பது எங்கள் விளையாட்டு. ஒரு வருஷம் கார்த்திகை மழைக்குப் பிறகு மேலண்டைத் தூணின் அடியில் கறையான் மண் தெரிந்தது. ஆசாரி வந்தார்; குனிந்து உளியின் பின்புறத்தால் தட்டினார்; ஓசை ஓரிடத்தில் கணீரென்றும் ஓரிடத்தில் பொக்கென்றும் கேட்டது.

"ஆச்சி, இந்தக் காலு அடியிலே அரிச்சுட்டு. மேலே உத்தரத்துக்கு ஒண்ணுமில்லே. முட்டுக் குடுத்துட்டு இதை மட்டும் கழத்தணும்" என்றார்.

"எந்தத் தூணைச் சொல்லுதீரு ஆசாரி?"

"இந்தா, நீங்க சாஞ்சிருக்கியளே, இந்தக் காலைத்தான்."

அன்று முழுவதும் அவர் கால் என்றார், ஆச்சி தூண் என்றாள். இருவரில் ஒருவரும் மற்றவரைத் திருத்தவில்லை. இரண்டு பனங்கம்புகளை உத்திரத்துக்கு இரு புறமும் சாய்வாக முட்டுக் கொடுத்து, ஆப்பு அடித்து, உத்திரம் மயிரிழை உயர்ந்ததும் தூணைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அதன் இடத்தில் வேங்கை மரத்தில் புதிதாக ஒன்று வந்தது. அதில் சாய ஆச்சிக்குப் பல மாதம் மனம் வரவில்லை. பழையதில் அடிப்பாகத்தை அறுத்துத் தள்ளியபின் எஞ்சிய நல்ல மரத்தில் மார்பளவு ஒரு துண்டை, எறிய மனமில்லாமல், தொழுவத்தில் நடச் சொன்னாள். மறுநாள் மாலை மாடு மேய்க்கிற பையன் வாசலில் நின்று, "வெள்ளச்சியத் தறியிலே கட்டியாச்சு ஆச்சி" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனான்.